அந்த மூன்று வரி அன்சேஃப்

"கம்பைலருக்குத் தெரியாதது நமக்கு எப்படித் தெரியும், சார்?"

ரஸ்ட் மொழியில், கம்பைலரின் சோதனையைத் தாண்டிப் போகும் மூன்று வரி அன்சேஃப் கோடு எழுதியிருந்தேன். அதை ரிவ்யூ செய்த ஜூனியர் கேட்டது இவ்வளவுதான். அவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஹாஷ்மேப்பில், அதாவது கீயைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணையில், தேடு, கிடைத்தால் அந்த மதிப்பின் ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடு, கிடைக்காவிட்டால் புதிதாகச் சேர்த்துக் கொடு. எந்தத் தரவு எப்போது கடனில் இருக்கிறது என்று சரிபார்க்கும் ரஸ்டின் பாரோ செக்கர் இதை ஏற்காது. ஒரு கிளையில் ரெஃபரன்ஸ் ஃபங்ஷனை விட்டு வெளியே போவதால், எதுவுமே கிடைக்காத மறு கிளையிலும் மேப் கடனில் இருப்பதாகவே அது கணக்குப் போடும். 2018 எடிஷனோடு வந்த என்எல்எல் என்ற மேம்பட்ட கடன் கணக்கு எத்தனையோ இடங்களைச் சரிசெய்தும் இது மிஞ்சிவிட்டது. பொலோனியஸ் என்ற புதிய செக்கர் இதை ஏற்கும். ஆக, கோடு சரி, கம்பைலரின் கணக்குதான் போதவில்லை. இப்படிச் சொல்லித்தான் பாரோ செக்கர் கண்காணிக்காத ரா பாயிண்டர் வழியாக, ரெஃபரன்ஸ் செல்லுபடியாகும் காலமான லைஃப்டைமைப் பிரித்து மூன்று வரி அன்சேஃப் எழுதினேன். மேலே நீளமாக ஒரு கமெண்டும் வைத்தேன்.

வேறு வழி இல்லாமல் இல்லை. தேடுவதையும் சேர்ப்பதையும் ஒன்றாகச் செய்யும் எண்ட்ரி என்றால் ஒவ்வொரு முறையும் கீயை ஸ்ட்ரிங்காக நகலெடுக்க வேண்டும், அது இருவருக்கும் பிடிக்கவில்லை. முதலில் கீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கெட் போட்டு எடுக்கலாமே என்றார் அவர். ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் இந்த வழியாகத்தான் போகிறது, இரண்டு முறை ஹாஷ் போட்டுத் தேடுவது வீண் என்றேன். அளந்து பார்த்தேனா? இல்லை. அவர் சற்று யோசித்துவிட்டு அப்ரூவ் செய்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து இன்னொருவர், கேஷாக இருந்த அந்த மேப் பெருகாமலிருக்கப் பழையவற்றை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்தார். கீ கிடைத்த கிளைக்குள், ரிட்டர்னுக்கு முன்னால். கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. அதன் வாயை நான்தானே கட்டி வைத்திருந்தேன். டெஸ்ட்கள் பாஸாயின. எப்போதாவது குப்பை எழுத்துகள் வெளியே வந்தன. மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் மிரியில் ஓட்டிய பிறகுதான், விடுவித்த மெமரியைப் படிக்கிறோம் என்று தெரிந்தது.

நான் எழுதிய அன்று அந்தக் கோடு சரியாகத்தான் இருந்தது. இதை இன்றும் சொல்வேன். வரியைச் சேர்த்தவர் கமெண்டைப் படித்திருக்கலாம். ஆனால் அன்சேஃப் இல்லாமலிருந்தால் அவர் எதையும் படிக்க வேண்டியிருந்திருக்காது, எரர் வந்திருக்கும். அன்றைய கோடுக்கு நான் பதில் சொன்னேன். ரிவ்யூவில் அந்த ஜூனியர் கேட்டது அடுத்த நாள்களையும் சேர்த்தா? அவ்வளவு யோசித்துக் கேட்டாரோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

போன வாரம் வேறொரு ஃபைலில் அதே சிக்கல். இருமுறை தேடும்படியே எழுதினேன். எழுதி முடித்தும் அந்த இரண்டாவது தேடல் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை இன்னும் அளக்கவில்லை.