பெட்ரோல் டர்போ தேர்வு: ஸ்டார்ட் பண்ணும் முன் மூன்று எண்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, தேறிவிட்டேன். அடுத்த பேட்ச் தம்பிகள் ஆளாளுக்குப் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: தேர்வில் என்ன வரும், எப்படித் தேறுவது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். டீலர்ஷிப் டெக்னீஷியன்களுக்கான இரண்டாம் லெவல், பெட்ரோல் டர்போ பிரிவு. ஆன்லைன் பேப்பர், வண்டியில் கோளாறு, வாய்மொழி எல்லாம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எந்தக் கம்பெனி, எந்த சென்டர் என்பதையும் விட்டுவிடுகிறேன். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இப்போது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நிற்கிற வகை வண்டிதான்.

ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெதுவான ஆள். எண்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஸ்பேனர் பக்கம் கை போகும். பானெட்டைத் திறந்த வேகத்தில் ஓஸைக் கழற்றிக் கோளாறைப் பிடிக்கிறவர்களும் தேறுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லப்போவது எரிச்சலாகக்கூட இருக்கலாம்.

பிராக்டிகலில் எனக்கு எழுதிக் கொடுத்த புகார்: "பிக்கப் இல்லை, மேடு ஏறத் திணறுகிறது." ஸ்கேனரில் பி0299 என்ற எரர் கோட், அதாவது பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்றின் அழுத்தம்) குறைவு. இந்த எரர் கோட் வந்ததும் பாதிப் பேர் இன்டர்கூலர் (அழுத்தியதால் சூடான காற்றைக் குளிர்விப்பது) ஓஸையும் கிளாம்ப்பையும் தடவ ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்டில் கொஞ்சத்தை டர்போவுக்குப் போகாமல் ஒதுக்கிவிடும் வால்வ்) ராடை ஆட்டிப் பார்ப்பார்கள். நான் இரண்டையும் தொடவில்லை. இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல், லைவ் டேட்டாவில் மூன்று அழுத்தங்களை ஒரே திரையில் எடுத்தேன்: வெளிக்காற்று, த்ராட்டிலுக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) முன்னால் உள்ள பூஸ்ட் சென்சார், த்ராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) உள்ள மேப் சென்சார்.

இன்ஜின் ஓடாதபோது வெளியே இருக்கும் அழுத்தம்தான் உள்ளேயும் இருக்கும். மூன்றும் ஒன்றாகக் காட்ட வேண்டும், ஓரிரு கிலோபாஸ்கல் முன்பின் போகலாம். எனக்கு வந்தது 100, 89, 100. நடுவில் இருப்பது பொய் சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த சென்சாரின் 5 வோல்ட் சப்ளை பின்னில் அளந்தால் 4.4. சப்ளை வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி வைத்திருந்தார்கள். இந்த வகை சென்சாரின் அவுட்புட், சப்ளை வோல்டேஜைப் பொறுத்து ஏறி இறங்கும். சப்ளை குறைந்தால் அழுத்தத்தையும் குறைத்துக் காட்டும். இன்ஜின் கம்ப்யூட்டர் அதை நம்பி, "பூஸ்ட் போதவில்லை" என்று வேஸ்ட்கேட்டை இன்னும் மூடும், அப்படியும் எண் ஏறாததால் எரர் கோட் பதிந்துவிட்டு பவரைக் குறைக்கும். டர்போ பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தீர்கள் என்றால் மீட்டர் சமர்த்தாக 5 வோல்ட் காட்டும், ஏனென்றால் கரன்ட் ஓடாதபோது ரெசிஸ்டரில் வோல்டேஜ் விழாது. கனெக்டர் சொருகியபடியே இருக்க, பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு அளக்க வேண்டும். என்னோடு எழுதியவர்களில் "சப்ளை சரி" என்று எழுதி வைத்துவிட்டு டர்போவை மாற்றச் சொன்னவர்களும் உண்டு.

மூன்று எண்களும் சமமாக இருந்தால் மட்டுமே ஓஸ் பக்கம் போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. சென்னையில் 100, 101. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேல், அங்கே 96, 97. ஊட்டியில் 77 பக்கம் நிற்கும். ஊட்டி வண்டியில் 77 வருகிறது என்று சென்சாரை மாற்றினால் அது அநியாயம். ஆன்லைன் பேப்பரிலும் மலை ஊர் வைத்து ஒரு கேள்வி வந்தது.

அடுத்தது, ஆப்சொல்யூட்டா கேஜா என்ற குழப்பம். ஸ்கேனர் காட்டுவது ஆப்சொல்யூட், வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தம். டயருக்குக் காற்று பிடிக்கும் மீட்டர் காட்டுவது கேஜ், வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பது மட்டும். மேனிஃபோல்டில் 180 கிலோபாஸ்கல், வெளியே 100 என்றால் பூஸ்ட் 0.8 பார் (100 கிலோபாஸ்கல் ஒரு பார்). விடைகளில் 1.8 நிச்சயம் இருக்கும், அதைத்தான் கை முதலில் தேடும். ஐடிலில் மேப் 30, 40 என்று இறங்குவதும் பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அளவிலேயே நிற்பதும் சரியான நிலை. இரண்டும் ஒன்றாக இறங்க வேண்டும் என்று ஒரு பழைய நோட்ஸில் எழுதியிருக்கிறது. கிழித்துப் போடுங்கள்.

கணக்கு பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே மாதிரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. 35 டிகிரி காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் வெப்பம் என்ன ஆகும்? இழப்பே இல்லை என்றால் 91 டிகிரி பக்கம். கம்ப்ரஸரின் எஃபிஷியன்ஸி 70 சதவீதம் என்றால் 115. (வேலூர் மே மாதத்தில் 35 டிகிரிக்கு யார் காற்று கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.) கெல்வினுக்கு மாற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள், அவ்வளவுதான். இன்டர்கூலர் எதற்கு என்ற கேள்விக்கும் இதே விடையை வைத்து எழுதலாம்: சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து இன்ஜின் தட்டுவது) அதிகம்.

டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) பற்றிய கேள்விக்கு மாருதி ஃப்ரான்க்ஸை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஒரே வண்டியில் இரண்டு விதமும் உண்டு. டர்போ இல்லாத 1197 சிசி இன்ஜின் 4400 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர். 998 சிசி டர்போ 147.6, அதுவும் 2000 முதல் 4500 வரை ஒரே மட்டமாக. "ஏன் மட்டமாக இருக்கிறது?" என்று கேட்டால், டர்போவால் அதற்கு மேல் முடியாது என்று எழுதக்கூடாது. கம்ப்யூட்டர் வேஸ்ட்கேட்டைத் திறந்து பூஸ்ட்டை அளவோடு நிறுத்துகிறது. கம்ப்ரஷன் ரேஷியோ (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) டர்போ இல்லாததில் 12, டர்போவில் 10. காரணம் நாக்கிங்தான்.

டீசலில் இருந்து வருகிறவர்கள் (நானும் அப்படித்தான்) விஜிடி (அசையும் இறகுகளால் எக்ஸாஸ்ட் வழியை மாற்றிக்கொள்ளும் டர்போ) பற்றி ஒரு வரி படித்துவிடுங்கள். பெட்ரோல் எக்ஸாஸ்ட் 1000 டிகிரியை நெருங்கும், அந்தச் சூட்டில் அசையும் இறகுகள் தாங்க விலை உயர்ந்த உலோகம் வேண்டும். அதனால்தான் 2006-ல் போர்ஷே 911 டர்போவில் வரும்வரை உற்பத்தி பெட்ரோல் காரில் அது பரவவில்லை.

பராமரிப்புப் பகுதியில்தான் எனக்கு நல்ல மார்க். அங்கே ஆயில் பற்றித் தெரிந்தால் முக்கால்வாசி முடிந்தது. டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் போகும், ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட்டில் 2,48,000 வரை. அந்த ஷாஃப்ட் ஆயில் படலத்தில் மிதக்கிறது, வேறு தாங்கல் இல்லை. அதே ஈகோபூஸ்ட் மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டில் வந்தது. அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிரும், உதிர்ந்தது ஆயில் பம்ப் வலையை அடைக்கும், ஆயில் அழுத்தம் விழுந்ததும் டர்போவும் போகும். ஆயில் கிரேடை விலை பார்த்து மாற்றக்கூடாது என்பதற்கு வாய்மொழியில் இந்த உதாரணத்தைச் சொன்னேன். தேர்வாளர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு.

எல்எஸ்பிஐ கட்டாயம் வரும். குறைந்த ஆர்பிஎம்மில், அதிக லோடில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. சிலிண்டருக்குள் தெறிக்கும் ஆயில் துளியும் படிவமும் தூண்டிவிடும், ஆயிலில் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமானால் இது கூடும். இதற்காகவே, ஆயில் தரத்தை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஐ 2018-ல் எஸ்என் ப்ளஸ் என்ற தரத்தைக் கொண்டுவந்தது, 2020-ல் எஸ்பி. பிஸ்டன் ரிங் இடையிலுள்ள பகுதி உடைந்து வந்தால் முதலில் இதை நினையுங்கள். கஸ்டமருக்குச் சொல்ல வேண்டியது: ஐந்தாவது கியரில் 1200 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை மிதிக்காதே, கியரை இறக்கு.

மீதியைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன்:

- பிளக் இடைவெளி டர்போவில் குறைவு, பொதுவாக 0.7, 0.8 மில்லிமீட்டர். அழுத்தம் கூடும்போது பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். இரிடியம் முனையைத் தட்டி நிமிர்த்தாதீர்கள்.
- டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படாது, கரி சேரும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அங்கே போகவே போகாது. வால்நட் ஓட்டுத் தூள் அடித்துத்தான் எடுக்க வேண்டும். டர்போ என்றாலே டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்று எழுதிவிடாதீர்கள், போர்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவும் விற்கிறது.
- த்ராட்டிலை மூடியதும் காற்று திரும்பி கம்ப்ரஸரை மோதாமல் காப்பது டைவர்ட்டர் வால்வ். அதன் டயாஃப்ரம் கிழிந்தாலும் பி0299 வரும்.
- பூஸ்ட் பைப்பின் உள்ளே லேசான ஆயில் ஈரம் சகஜம். குளமாக நின்றால்தான் தேட வேண்டும்.
- ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடாத வண்டியில் கம்ப்ரஸர் இறகின் முனை தேய்ந்திருக்கும். கண்ணால் பாருங்கள், விரலை விட்டுத் தடவாதீர்கள்.

டர்போவை "போச்சு" என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். கழற்றிய டர்போவின் ஷாஃப்ட் பக்கவாட்டில் லேசாக ஆடும், ஆயில் இல்லாதபோது அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் கையில் அசைவு தெரிகிறதா, இறகு ஹவுசிங்கில் உரசுகிறதா என்பதுதான் கேள்வி. நீலப் புகை வந்தாலும் உடனே சீல் என்று எழுதாதீர்கள். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. திரும்பும் பைப் அடைத்திருந்தாலோ, பிசிவி (இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வ்) அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ, ஆயில் போக வழியில்லாமல் நல்ல சீலையும் தாண்டி வெளியே வரும். புது டர்போ போட்ட வண்டி மறுபடி புகையோடு திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

இப்போது என் ஆதங்கம். வாய்மொழியில் கேட்டார்கள்: "டர்போ வண்டியை நிறுத்துவதற்கு முன் எத்தனை நிமிடம் ஐடிலில் விட வேண்டும்?" நான் சொன்னேன், ஊருக்குள் சாதாரணமாக ஓட்டி வந்தால் தேவையில்லை, மலை ஏறியோ ஹைவேயில் விரட்டியோ வந்து உடனே நிறுத்தினால் ஓரிரு நிமிடம் விடலாம். இந்த இன்ஜினில் நிறுத்திய பிறகும் எலக்ட்ரிக் பம்ப் கூலன்ட்டைச் சுற்றவிடுகிறது, அதனால் ஆயில் கருகும் ஆபத்து பழைய வண்டிகளைவிடக் குறைவு. தேர்வாளர் தலையை ஆட்டிவிட்டு, "மூன்று நிமிடம், எப்போதும்" என்றார். மார்க் போய்விட்டது. விடைத்தாள் கூலன்ட் சுற்றாத டர்போ காலத்தில் எழுதியது போலிருக்கிறது. எதிரில் நின்ற வண்டியின் பானெட்டுக்குள் அந்தப் பம்ப் உட்கார்ந்திருந்ததுதான் கடுப்பு. உங்களுக்கு மார்க் முக்கியம் என்றால் முதலில் "மூன்று நிமிடம்" என்று சொல்லிவிட்டு அப்புறம் பம்பைப் பற்றிப் பேசுங்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, அடுத்த லெவலிலும் வராது.

படிக்கும் முறையைக் கேட்கிறவர்களுக்கு: நான் வீடியோ பார்க்கவில்லை. சர்வீஸுக்கு வந்த நல்ல வண்டிகளில், அட்வைசர் பில் போடும் நேரத்தில், இன்ஜின் ஓடாமல், ஐடிலில், 2500 ஆர்பிஎம்மில் என்று எண்களை நோட்டில் எழுதி வைத்தேன். ஃப்ளோர் இன்சார்ஜிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நல்ல வண்டி எப்படி இருக்கும் என்று கைவசம் இருந்தால் 89 தானே கண்ணில் குத்தும்.

தேர்வுக்குப் போகும்போது ஊசி முனை உள்ள ப்ரோப் உங்களுடையதையே கொண்டு போங்கள், அங்கே கொடுக்கும் மீட்டரின் முனை தடிமன், கனெக்டர் பின்னுக்குள் போகாது. ஸ்கேனரில் அழுத்தம் எந்த அலகில் வருகிறது என்பதையும் உட்கார்ந்த உடனே பாருங்கள். எனக்குக் கிடைத்தது ஹெக்டோபாஸ்கலில் இருந்தது, பத்தால் வகுத்துக்கொண்டேன்.