வீட்டிலேயே ஹெட்லைட் லென்ஸ்: ஷீட் முதல் சீல் வரை ஈரத்தோடு மல்லுக்கட்டிய கதை

பாலிகார்பனேட் ஷீட்டைக் காயவைக்காமல் சூடாக்காதீர்கள். இந்த ஒரு வரியை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் என் நல்ல ஷீட்டுகள் குப்பைக்குப் போயிருக்காது. வீட்டில் ஹெட்லைட் லென்ஸ், அதாவது விளக்கின் முன்னால் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி, செய்வதைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் சூடாக்கு, அச்சின் மேல் போடு, வெட்டு என்று முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் பாடு யார் வாயிலும் வருவதில்லை.

என் கார் மாடல் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது. லென்ஸைத் தனியாக எப்போதுமே விற்றதில்லை, முழு விளக்காக வாங்கலாம் என்றால் அதுவும் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் மஞ்சள், ஒரு பக்கம் விரிசல் வேறு. பாலிஷ் போட்டால் மஞ்சள் போகும், விரிசல் எங்கே போகும்? ஆனால் நீங்கள் இறங்குவதற்கு முன் உங்கள் லென்ஸில் வரி வரியாக மேடு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விளக்குகள் பலவற்றில் அந்த வரிகள்தான் வெளிச்சத்தைச் சாலையில் பரப்புகின்றன. அங்கே வழவழப்பான லென்ஸைப் போட்டால் எதிரே வருகிறவர் கண் கூசும், ஆபத்து. என்னுடையதில் பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரே அந்த வேலையைச் செய்கிறது, முன்னால் இருப்பது வெறும் மூடி. அதனால்தான் துணிந்தேன். இன்னொன்று, கம்பெனி லென்ஸில் இருக்கும் அங்கீகார முத்திரை நாம் செய்வதில் இருக்காது. உங்கள் ஊரில் வண்டிச் சோதனைக்கு அது தேவையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் எரிச்சல் ஷீட் விற்றவரிடம். பாலிகார்பனேட் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி வளைத்தால் பட்டென்று ஒடிந்தது, அக்ரிலிக்! இரண்டும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், எடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, அடர்த்தி 1.19, 1.20 என்று ஒட்டி ஒட்டி வரும். வளைத்துப் பார்ப்பதுதான் சுலபமான வழி: பாலிகார்பனேட் ஒடியாமல் மடங்கும். பின்பக்க விளக்குகளுக்கு அக்ரிலிக் சரி, முன்னால் கல் தெறிக்கும் இடத்துக்கு உதவாது. மாற்றித் தரக் கேட்டுப் போனால் வெட்டிய ஷீட்டைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். வெட்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. வேறு இடத்தில் வாங்கினேன். அங்கே கீறல் விழாத மேல்பூச்சுள்ள ஷீட்டைத் தள்ளிவிடப் பார்த்தார்கள், வாங்காதீர்கள், சூடாக்கி வளைத்தால் அந்தப் பூச்சு விரிசல் விடும். சாதாரண ஷீட்டிலேயே ஒரு பக்கம் மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு இருக்கும் ரகம் நல்லது. எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய படலத்தில் போட்டிருக்கும், அதை உரிப்பதற்கு முன் மூலையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் வெளியே வரவேண்டும்.

விளக்கைக் கழற்றி, மிதமாகச் சூடுகாட்டி, லென்ஸை ஒட்டியிருக்கும் ரப்பர் போன்ற பியூட்டைல் பசை இளகியதும் பழைய லென்ஸைப் பிரித்தது சுலபமாகவே முடிந்தது. உங்களுடையதில் இளகாத கெட்டிப் பசை இருந்தால் இவ்வளவு சுலபமாக இருக்காது.

அச்சுக்குப் பழைய லென்ஸின் உள்பக்கத்தில் பிளாஸ்டர் ஊற்றினேன். பழைய லென்ஸின் தடிமனிலேயே ஷீட் எடுத்தால் வெளி அளவு தானாகப் பொருந்தும். என்னுடையது 3 மி.மீ. அச்சை அப்படியே தரையில் வைக்காமல் 3, 4 செ.மீ. உயரக் கட்டையின் மேல் ஏற்றுங்கள், அப்போதுதான் விளக்கின் ஓரத்தில் இருக்கும் பசைக் குழிக்குள் இறங்கும் விளிம்புக்குத் தேவையான அளவு கீழே மிஞ்சும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். பிளாஸ்டர் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். தினமும் எடை போடுங்கள், எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது. உள்ளே ஈரம் இருந்தால் சூடான ஷீட் மேலே விழும்போது ஆவி கிளம்பித் தழும்பு விடும். அவசரப்பட்டு ஓவனில் கொதிக்கவிட்டால் பிளாஸ்டர் பொடியாக உதிரும். அச்சில் இருக்கும் சின்னக் கீறல்கூட லென்ஸில் அச்சாக விழும் என்பதால் உப்புத்தாள் போட்டு நன்றாக இழைத்துவிடுங்கள்.

இனி என் நல்ல ஷீட்டுகளைக் குப்பைக்கு அனுப்பிய கொப்புளக் கதை. பாலிகார்பனேட் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அளவு என்னவோ எடையில் அரை சதவீதம்கூடத் தேறாது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 147 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஷீட் இளக ஆரம்பிக்கும், அச்சில் படிய 180 டிகிரியை ஒட்டிப் போகவேண்டும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி ஷீட் முழுக்கப் பொடிப்பொடிக் கொப்புளமாக நிற்கும். பாலிஷ் போட்டெல்லாம் அதை எடுக்க முடியாது. சூடு அதிகம் என்றார் ஒருவர், ஷீட் மட்டம் என்றார் இன்னொருவர், இரண்டுமே இல்லை. படலத்தை இரண்டு பக்கமும் உரித்துவிட்டு, 120 டிகிரியில், 3 மி.மீ. ஷீட்டுக்கு 4 மணி நேரமாவது, சுற்றிலும் காற்றுப் போகிற மாதிரி நிறுத்திக் காயவைத்தபின் கொப்புளம் போன இடம் தெரியவில்லை. காய்ந்ததை ஆறவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், மறுபடி ஈரம் ஏறிவிடும். பெரிய துண்டை ஏற்றுவதற்கு முன் கூடவே காய்ந்த சின்னத் துண்டு ஒன்றை 180க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், அது தெளிவாக வந்தால் தைரியமாக இறங்கலாம். ஓவனின் குமிழ் காட்டும் எண்ணையும் நம்பவேண்டாம், தனித் தெர்மாமீட்டர் வையுங்கள். சமைக்கிற ஓவன் இதற்கு வேண்டாம்.

சட்டத்தில் இறுக்கிய ஷீட் நடுவில் சீராகத் தொய்ந்ததும் அச்சின் மேல் இறக்கி, கீழே ஊசித்துளை போட்ட பெட்டியிலிருந்து வேக்கம் கிளீனரால் காற்றை இழுத்தேன். நொடிகளில் இறுகிவிடும், யோசிக்க நேரம் கிடையாது. அச்சையும் ஹீட் கன்னால் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டால் அலை அலையாக வராது. தெளிவாக ஒரு லென்ஸ் கையில் வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அதோடு முடியவில்லை. வெட்டும்போது கருவியை மெதுவாக ஓட்டுங்கள், வேகம் கூடினால் ஓரம் உருகி ஒட்டும். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், ஓரங்களில் மயிரிழை விரிசல் ஓடிவிடும். எங்கே இறுக்கம் தேங்கியிருக்கிறது என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு: வெள்ளைத் திரை ஓடும் எல்சிடி மானிட்டர் முன் லென்ஸைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியே பாருங்கள், வண்ணப் பட்டைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் பின்னால் விரிசல் விடும். மேலே இரட்டைக் கலவைக் கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்தேன், முதலில் வெட்டி எறிந்த துண்டில் அடித்துச் சோதித்தபின். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கும், தூசி முகமூடி அதைத் தடுக்காது, அதற்கென்று இருக்கும் பாதுகாப்பு முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

ஒட்டும்போது வினிகர் வாடை வருகிற சிலிகானை வாங்காதீர்கள், அந்த அமில ஆவி ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சைக் கெடுக்கும். கயிறு மாதிரி வரும் புது பியூட்டைல் பசைதான் சரி. ரிஃப்ளெக்டரை விரலால் தொடவோ துடைக்கவோ கூடாது. மூடுவதற்கு முன் விளக்கின் உட்புறத்தையும் உலரவிடுங்கள், பின்னால் இருக்கும் காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். உள்ளே பனி படிந்தால் உடனே பசையைத்தான் சந்தேகப்படத் தோன்றும், எனக்கு ஒரு பக்கம் அப்படித்தான் படிந்தது. காரணம் பழைய துளைக் குழாயில் அடைத்திருந்த மண். அதைச் சுத்தம் செய்ததும் நின்றுவிட்டது.

கழற்றுவதற்கு முன் சமதரையில் காரை நிறுத்தி 10 மீட்டரில் இருந்த சுவரில் லோ பீமின் வெட்டுக்கோட்டை, அதாவது வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் மேல்கோட்டை, டேப்பால் குறித்து வைத்திருந்தேன், நீங்களும் இதைச் செய்யாமல் திருகைத் தொடாதீர்கள். புது லென்ஸ் போட்டுப் பார்த்தபோது இரண்டு கோடும் டேப்பின் மேலேயே உட்கார்ந்தன. மேலே சிதறும் வெளிச்சம் பழைய மஞ்சள் லென்ஸில் இருந்ததைவிடக் குறைவு. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, விளக்கை எரியவிட்டு, அணைத்து ஆறவிட்டும் பார்த்தாயிற்று, உள்ளே ஒரு சொட்டு இல்லை. அச்சுகளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்து ஃபாக் லைட் மூடிக்கு அச்சு எடுக்கப்போகிறேன்.