டேப்பை மூடிவைத்து நொட்டேஷன் பழகிய பதினோரு மாதம்

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ஆறாம் கிரேடு கிட்டார் தேர்வில், சைட் ரீடிங்குக்கு (முன்பின் பார்க்காத இசைத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது) எனக்குக் கிடைத்தது பத்துக்கு மூன்று மதிப்பெண். தயார்செய்து போன மூன்று பீஸும் நன்றாக வந்திருந்தன. ஸ்கேல், ஆர்பெஜியோவிலும் குறையில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது. கிட்டார் நன்றாக வாசிப்பார்கள், நொட்டேஷனின், அதாவது இசையைப் புள்ளிகளாக எழுதும் தாளின், ஐந்து கோடுகளைப் பார்த்தால் மட்டும் பயப்படுவார்கள். அப்படி நிறையப் பேரை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தத் தேர்வுக்குப் பிறகு பதினோரு மாதம் என்ன செய்தேன் என்பதை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் கணக்கு. மொத்தம் 100. மூன்று பீஸுக்குத் தலா 22, டெக்னிக்கல் வொர்க்குக்கு (ஸ்கேல், ஆர்பெஜியோ போன்றவை) 14, இரண்டு துணைத் தேர்வுகளுக்குத் தலா 10. 60 வாங்கினால் பாஸ். ஐந்தாம் கிரேடு வரை அந்த இரண்டு துணைத் தேர்வுகளை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் ஒவ்வொரு முறையும் சைட் ரீடிங்கை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டை எடுத்தேன். பீஸ்களையும் நொட்டேஷனுக்குக் கீழே டேப் (எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் எந்தக் கட்டத்தை, அழுத்துவது என்று எண்ணால் காட்டும் முறை) அச்சிட்ட புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்தேன். ஆறாம் கிரேடிலிருந்து சைட் ரீடிங் கட்டாயம். பத்து வருஷம் தள்ளிப்போட்டது அங்கே வந்து வழிமறித்து நின்றது.

தாளைக் கையில் கொடுத்தார்கள். டி மேஜர், முக்கால் தாளம். பார்த்துக்கொள்ள 30 வினாடி. அந்த 30 வினாடியில் நான் செய்தது ஒன்றுதான்: முதல் நோட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் எண்ணிக்கொண்டு போனேன். இரண்டாவது பார் (நெடுங்கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதி) முடிவதற்குள் நேரம் போய்விட்டது. வாசிக்கத் தொடங்கியதும் மூன்றாவது பாரில் சி ஷார்ப் வரவேண்டிய இடத்தில் வெறும் சி விழுந்தது. காதில் உறுத்தியதும் நிறுத்தினேன், பின்னால் போய்த் திருத்தினேன். அதோடு தாளம் போயிற்று. அதற்கப்புறம் நான் வாசித்ததை இசை என்று சொல்ல முடியாது.

ரிசல்ட்டை மாஸ்டரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. "நீ படிக்கலப்பா, மனப்பாடம் பண்ற," என்றார். "நோட் பேரெல்லாம் தெரியும் மாஸ்டர்," என்றேன். சர்ச் பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து ஸ்டாண்டில் விரித்தார். "மேல் வரியை மட்டும் வாசி. தப்பு வந்தா வரட்டும். நான் சொல்ற வரைக்கும் நிக்காத." நான்கு பாருக்குள் ஆறு முறை நின்றேன். ஒவ்வொரு முறையும் என் கண் தாளிலிருந்து ஃப்ரெட்போர்டுக்கு ஓடியது. திரும்பி வரும்போது எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியவில்லை. கோளாறு நோட்டின் பெயரில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

பியானோ மாணவர்களைவிட நமக்கு இது கஷ்டமாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பியானோவில் ஒரு நோட்டுக்கு ஒரே கட்டை. கிட்டாரில் முதல் தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் இ, இரண்டாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது, மூன்றாம் தந்தியில் ஒன்பதில், நான்காம் தந்தியில் பதினான்கில், ஐந்தாம் தந்தியில் பத்தொன்பதில். தாளில் இருப்பது ஒரே புள்ளி, கைக்கு ஐந்து வீடு. டேப் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைக்கிறது, அதனால்தான் நமக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். டேப்பை நான் குறைவாகப் பேசமாட்டேன். 16-ஆம் நூற்றாண்டில் லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கும் ஸ்பெயினின் வியுவேலாவுக்கும் அச்சிட்டதெல்லாம் டேப்தான், அதில் தாளக் குறியும் உண்டு. இன்று இணையத்தில் கிடைக்கும் டேப்பில் பெரும்பாலும் அந்தத் தாளம்தான் இருப்பதில்லை. பாட்டை முன்பே கேட்டிருந்தால்தான் வாசிக்க முடியும். கேட்காத பாட்டைத் தாளிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் நொட்டேஷன் வேண்டும்.

ஆகவே தாளத்திலிருந்து தொடங்கினேன். முதல் மூன்று வாரம் கிட்டாரைத் தொடவே இல்லை, தினம் கால் மணி நேரம் கைதட்டல்தான். இங்கே நமக்கு ஒரு சொத்து இருக்கிறது: சொல்கட்டு. ஒரு பீட் நோட்டான க்ராட்செட் என்றால் தா. அரை பீட் குவேவர் இரண்டு என்றால் தக. கால் பீட் செமிகுவேவர் நான்கு என்றால் தகதிமி. ஒரு பீட்டில் மூன்று நோட் வரும் ட்ரிப்லெட் என்றால் தகிட. ஆறு எட்டு தாளம் வந்தால் தகிட தகிட. புள்ளி வைத்த (ஒன்றரை பீட்) க்ராட்செட்டும் அதை ஒட்டி வரும் குவேவரும்தான் என்னை வருஷக்கணக்காக ஏமாற்றியவை. அதைத் "தா-ஆ-ஆ-தி" என்று நான்கு சம பங்காக வாயால் சொல்லி, காலால் இரண்டு பீட் தட்டிப் பழகினேன். மூன்றே நாளில் பிடிபட்டது. ஒன்-அண்ட்-டூ-அண்ட் என்று எண்ணுவது எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. சொல்கட்டு காதில் ஊறிய மொழி, அதை விட்டு வேறெங்கும் தேட வேண்டாம்.

அடுத்தது நோட்டுகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எண்ணிப் படிக்காமல், ஆறு திறந்த தந்திகளை மட்டும் அடையாளக் கல்லாக நட்டுக்கொள்ளுங்கள். முதல் தந்தி இ, மேல் இடைவெளியில். இரண்டாவது பி, நட்டநடுக் கோட்டில். மூன்றாவது ஜி, கீழிருந்து இரண்டாம் கோட்டில். நான்காவது டி, கடைசிக் கோட்டுக்கு அடியில் தொங்கும். ஐந்தாவது ஏ, கீழே இரண்டாவது லெட்ஜர் கோட்டிலேயே (ஐந்து கோட்டுக்கு வெளியே போடும் சின்னக் கோடு). ஆறாவது இ, மூன்றாவது லெட்ஜர் கோட்டுக்கும் அடியில். இவை ஆறும் பார்த்தவுடன் விரலுக்கு வந்துவிட்டால் மற்றவை பக்கத்து வீடுகள்தான். பென்சிலால் நோட்டுக்கு அடியில் பெயர் எழுதும் பழக்கத்தை அன்றே விட்டுவிடுங்கள். எழுதினால் கண் எழுத்தைத்தான் படிக்கும், புள்ளியைப் பார்க்காது. கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கிட்டாருக்கு எழுதுவது ஒலிப்பதைவிட ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே. வரியின் தொடக்கத்தில் வரும் க்ளெஃப் குறிக்குக் கீழே சின்னதாக 8 போட்டிருப்பது அதற்காகத்தான். பியானோ வாசிக்கும் நண்பரோடு ஒரே தாளைப் பார்த்து வாசித்தபோது, நான் ஏன் தாழ்வாகக் கேட்கிறேன் என்று ஒரு மாலை முழுக்கக் குழம்பியிருக்கிறேன்.

புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்க்கப் பழகியபோதுதான் வேகம் வந்தது. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் இடையில் ஒரு நோட்டைத் தாண்டுகிறோம். கோட்டிலிருந்து ஒட்டிய இடைவெளிக்குப் போனால் அடுத்த நோட். பெயர் சொல்லாமலே கை நகர இது போதும். பாளையங்கோட்டையில் என் தாத்தா சர்ச் பாடகர் குழுவில் டானிக் சால்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்துகளால் எழுதும் முறை) பார்த்துப் பாடுவார். முன்பின் கேட்காத பாட்டைக்கூட எடுத்த எடுப்பில் பாடிவிடுவார், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் உள்ள தூரம் அவர் தொண்டைக்குத் தெரியும். அவரை நினைத்துக்கொண்டு, வாசிப்பதற்கு முன் ஒருமுறை முணுமுணுத்துப் பாடத் தொடங்கினேன். சரியாகப் பாட வராவிட்டாலும் பரவாயில்லை, மேலே போகிறதா கீழே வருகிறதா என்பது முன்கூட்டியே காதுக்கு எட்டிவிடும்.

எதைப் படிப்பது என்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். தேர்வுக்கு வாசிக்கும் பீஸின் தரத்தில் சைட் ரீடிங் பழகக் கூடாது. இரண்டு மூன்று கிரேடு கீழே இறங்குங்கள். ஒரு தாளை இரண்டு முறைக்கு மேல் வாசிக்காதீர்கள், மூன்றாவது முறை அது மனப்பாடமாகிவிடும். அதனால் நிறையத் தாள் வேண்டும். சர்ச் பாட்டுப் புத்தகத்தின் சொப்ரானோ வரி, வயலின், ரெக்கார்டர் ஆரம்பப் புத்தகங்கள் எல்லாம் நமக்கு உதவும், ட்ரெபிள் க்ளெஃப்தானே. காப்புரிமை முடிந்த கிட்டார் இசைத்தாள்கள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசை நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்பெயின் கிட்டார் இசையமைப்பாளர் ஃபெர்னாண்டோ சோர் எழுதிய ஓபஸ் (படைப்பு எண்) 60-இல் 25 பாடம் உண்டு, முதல் சில பாடங்கள் ஒற்றை வரிதான்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 பீட்டில் வைத்தேன். ஒரே விதி: நிற்கக் கூடாது. தப்பு விழுந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த பாரின் முதல் பீட்டில் ஏறிக்கொள்ள வேண்டும். ஓடும் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. முதல் மாதம் பாதி நோட் விழவே இல்லை, தாளம் மட்டும் ஓடியது. அது போதும் என்றார் மாஸ்டர். ஸ்டாண்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, கிட்டாரின் தலைப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். இடம் மாறும்போது ஃப்ரெட்டைப் பார்க்கவேண்டி வந்தால் தலை திரும்பாது, கண் மட்டும் சாயும்.

ஐந்தாவது மாதத்திலிருந்து இரண்டு குரல், அதாவது ஒரே தாளில் சேர்ந்து ஒலிக்கும் இரண்டு வரிகள். தண்டு மேலே நோக்கினால் மெலடி, கீழே நோக்கினால் பேஸ். இங்கே நான் கீழ்வரியை முதலில் படித்தேன். பேஸ் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் எந்த விரலை எடுக்கக் கூடாது என்று தெரியும். வட்டத்துக்குள் இருக்கும் எண் தந்தி, வட்டமில்லாத எண் இடக்கை விரல், ரோமன் எண் பொசிஷன், அதாவது கை நிற்க வேண்டிய ஃப்ரெட். இவற்றைப் பார்க்கத் தெரிந்தால் அந்த ஐந்து வீட்டில் எது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஏழாம் கிரேடு அறையில் மறுபடி அதே 30 வினாடி. இந்த முறை முதல் நோட்டைப் பார்க்கவே இல்லை. கீ சிக்னேச்சர் (தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃப்ளாட் குறிகள்), தாளம், எந்த நோட்டில் முடிகிறது. அடுத்து, மிக உயரமான நோட் எங்கே, அதற்கு எந்தப் பொசிஷன். கடைசியில், கறுப்பாக நெருங்கி இருக்கும் பாரை மட்டும் வாய்க்குள் தகதிமி போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் வாசித்துப் பார்க்கவும் அனுமதி உண்டு, அந்த ஒரு பாரை மெதுவாக மீட்டிக்கொண்டேன். பிறகு 60 வேகத்தில் மனசுக்குள் ஒரு பார் எண்ணிவிட்டுத் தொடங்கினேன். ஆறாவது பாரில் ஒரு நோட் தவறியது. கால் தட்டிக்கொண்டே இருந்தது, கை ஏழாவது பாரில் போய்ச் சேர்ந்தது. பத்துக்கு எட்டு.

சென்னை ஸ்டூடியோக்களில் இளையராஜா எழுதிக் கொடுத்த நொட்டேஷனை வாத்தியக்காரர்கள் அங்கேயே பார்த்து வாசித்ததைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே நான் இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறேன். இந்த வாரம் வயலின் புத்தகத்தில் 22-ஆம் பக்கம், தினம் எட்டு பார், மெட்ரோனோம் மறுபடி 50-இல்.