மக்கள் தொடர்பு வாய்மொழித் தேர்வு: எழுவாய் யார் என்று பாருங்கள்

முதுகலை இதழியல் இறுதிப் பருவ முடிவு வந்துவிட்டது. தொண்டு நிறுவன மக்கள் தொடர்பு என்ற விருப்பப் பாடத்தில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். பெரிய நிம்மதி. அடுத்த ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளில் களப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்காக, நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மக்கள் தொடர்பு ஆய்வாளர்களான கிரூனிக்கும் ஹண்டும் 1984இல் வகுத்த மக்கள் தொடர்பின் நான்கு மாதிரிகள் எப்படியும் வரும், எல்லோரும் எழுதிவிடுவார்கள். மதிப்பெண் பிரிவது வாய்மொழித் தேர்வில்தான்.

நான் பயிற்சி பெற்ற இடத்தில் செய்திக்குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றை அப்படியே தருகிறேன்: "உலக மாற்றுத்திறனாளிகள் நாளை முன்னிட்டு, 40 பயனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டிகளைச் சிறப்பு விருந்தினர் வழங்கி வாழ்த்திப் பேசினார்." கூடவே ஒரு படம். பொன்னாடை போர்த்திய விருந்தினர், வண்டியின் கைப்பிடியில் அவர் கை, அந்தக் கைக்குப் பின்னால் பாதி முகம் மறைந்த ஒரு பெண்.

இதை இலக்கணமாகப் பாருங்கள். எழுவாய் விருந்தினர். மாற்றுத்திறனாளிகள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்கள். அந்த வேற்றுமையின் முதற்பொருளே கொடை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தரும நோக்கு, உரிமை நோக்கு என்று பாடத்தில் பக்கம் பக்கமாக வருவதெல்லாம் அந்த ஒரு 'கு' உருபில் இருக்கிறது.

படத்தில் முகம் மறைந்த அந்தப் பெண் தையல் வேலை செய்கிறவர். விழா முடிந்து பந்தல் பிரிக்கும்போது பேசிக்கொண்டிருந்தோம். "வண்டி வந்துவிட்டது, சரி. பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்குப் போக மூன்று படி ஏற வேண்டுமே, வண்டியோடு எப்படி ஏறுவது?" என்றார். அன்றைய செய்தி அதுதான். அவருடைய ஒப்புதலோடு இப்படி மாற்றி எழுதினேன்: "பேருந்து நிலையக் கழிப்பறைக்குச் சாய்தளம் வேண்டும் என்று, மூன்று சக்கர வண்டியில் பணிக்குச் செல்லும் பெண்கள் கேட்கிறார்கள்." விருந்தினர் நான்காம் பத்திக்குப் போனார். அமைப்பில் சிலருக்கு வருத்தம். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய குறிப்பையும் புதியதையும் ஒரே தாளின் இரு பக்கங்களில் அச்சிட்டு வாய்மொழித் தேர்வுக்கு எடுத்துச் சென்றேன். இந்த முழு வழிகாட்டலிலும் ஒன்றை மட்டும் பின்பற்றுவதென்றால் இதைப் பின்பற்றுங்கள். புறத்தேர்வாளர் அந்தத் தாளை வாங்கிய பிறகு தடித்த அறிக்கையைத் திறக்கவே இல்லை. கேள்விகள் எல்லாம் அதிலிருந்தே வந்தன.

கடினமான கேள்வி இது: "இரக்கத்தைத் தூண்டினால்தானே நன்கொடை வரும்?" வராது என்று மறுத்துவிடாதீர்கள், வரும். அமெரிக்காவில் தசைச்சிதைவு நோய்ச் சங்கத்துக்காக நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் 1966 முதல் 2010 வரை நடத்திய தொலைக்காட்சி நிதி திரட்டலில் கோடிக்கணக்கில் பணம் குவிந்தது. ஆனால் ஒருகாலத்தில் அந்தச் சங்கத்தின் சுவரொட்டிகளில் குழந்தைகளாக நிறுத்தப்பட்டவர்களே வளர்ந்த பிறகு 1991இல் அதை எதிர்த்து அணிதிரண்டார்கள். எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர் எங்களுக்கு வேலை கொடுப்பாரா என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். பணம் வந்த வழியிலேயே மதிப்பு போய்விட்டது. இந்த விடைக்குத் தேர்வாளர் தலையசைத்தார்.

சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆனதை எல்லோரும் சொல்வார்கள். அரசு வேலையில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு என்பதும் அப்படியே. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆவது பிரிவைச் சொல்கிறவர் குறைவு. விழிப்புணர்வுப் பரப்புரையை அரசின் பொறுப்பாக்குவது அந்தப் பிரிவுதான். அதோடு, இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் விழிப்புணர்வு பற்றிய 8ஆவது உறுப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதனையாளர் கதைகள் பற்றிக் கேட்டால் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு கைகொடுக்கும். காட்சி ஊடகங்கள் மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாகவும் காட்டக்கூடாது, அதிசயப் பிறவிகளாகவும் காட்டக்கூடாது என்கிறது அது.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. தனியாக, மெதுவாக, எழுதி எழுதிப் படிக்கிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள்:

- செய்திக்குறிப்பைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அனுப்பாதீர்கள். பார்வையற்ற பணியாளர் ஒருவர் தன் கைப்பேசியில் எங்கள் குறிப்பைத் திறந்தபோது திரை வாசிப்பான் ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாக உளறியது. அவர் வேலை செய்யும் அமைப்பின் செய்தியை அவரே படிக்க முடியவில்லை. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் அனுப்புங்கள்; தமிழ்நாடு அரசு 2010இலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.
- படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைத் திரை வாசிப்பானுக்குச் சொல்லும் வரி, எழுதுங்கள். "விழாக் காட்சி" என்பது மாற்று உரை ஆகாது.
- படம் எடுக்க ஒருமுறை, வெளியிட ஒருமுறை, தனித்தனியாக ஒப்புதல் வாங்குங்கள். பெற்றோர் கையெழுத்திட்டாலும் பிள்ளையிடமும் கேளுங்கள்.
- காணொளியில் பேசுவதைத் திரையில் காட்டும் தமிழ் எழுத்து வரிகள் கட்டாயம். சைகை மொழிபெயர்ப்பாளரை ஓரத்தில் பொட்டளவு காட்டாதீர்கள்; கை அசைவு தெரிய வேண்டும்.
- உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3க்கு மட்டும் திட்டம் போட்டால் மதிப்பெண் குறையும். ஆண்டு முழுவதற்கும் நாள்காட்டி வேண்டும்.

களப்பயிற்சி அறிக்கையின் மதிப்பீட்டுப் பகுதியில் நாளிதழ் நறுக்குகளை ஒட்டிக் கோப்பைத் தடிமனாக்குவது வழக்கம். அது வேண்டாம். எந்த நாளிதழ் உங்கள் முதல் வரியை அப்படியே போட்டது, எது விருந்தினரை மறுபடி மேலே ஏற்றியது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். என்னுடைய குறிப்பைப் பெரும்பாலான நாளிதழ்கள் பழைய வடிவத்துக்கே மாற்றிவிட்டன. அதையும் மறைக்காமல் எழுதினேன். செய்தியறையில் அந்த முதல் வரியை யார், ஏன் மாற்றியிருப்பார்கள் என்றுதான் தேர்வாளர் கடைசியாகக் கேட்டார். அதற்கும் விடை தயார் செய்துகொண்டு போங்கள்.