டேபிள் பெயரில் முன்னொட்டு வேண்டாம், ஸ்கீமா போதும்

விற்பனை, கணக்கு, கிடங்கு ஆகிய பிரிவுகளின் தரவு ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கும்போது, சேல்ஸ்_இன்வாய்ஸ், அக்கவுண்ட்ஸ்_இன்வாய்ஸ் என டேபிள் பெயர்களுக்கு முன்னொட்டுச் சேர்க்கும் பழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது. ஒரே தரவுத்தளத்துக்குள் டேபிள்களைத் தனிப்பெயரில் தொகுத்து வைக்கும் ஸ்கீமா என்ற வசதி, 2002-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 7.3 பதிப்பிலிருந்தே இருக்க, இந்தப் பழக்கத்தைத் தொடர வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. முன்னொட்டின் மேல் எந்த அனுமதியையும் வைக்க முடியாது. ஸ்கீமாவின் மேல் வைக்கலாம்: கணக்குப் பிரிவின் ஸ்கீமாவுக்கு 'யூசேஜ்' அனுமதி இல்லாத பயனர், அதற்குள் இருக்கும் டேபிளைப் படிக்கும் உரிமை பெற்றிருந்தாலும், குவெரியில் (தரவுத்தளத்துக்கு இடும் கட்டளையில்) அதைத் தொட முடியாது. ஒரு ஸ்கீமாவை மட்டும் தனியே டம்ப் (கோப்பு வடிவ நகல்) எடுக்கவும் முடியும். அதே வேளையில், தனித்தனித் தரவுத்தளங்களாகப் பிரித்தால் இழந்துவிடும் ஃபாரின் கீ உறவுகள் (ஒரு டேபிளின் பதிவு இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் பிணைப்புகள்), ஸ்கீமாக்களுக்கு இடையே அப்படியே செல்லுபடியாகின்றன.

கவனம் தேவைப்படும் இடம் 'சர்ச் பாத்', அதாவது எந்தெந்த ஸ்கீமாக்களில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்று ஓர் இணைப்புக்குச் சொல்லும் அமைப்பு. ஸ்கீமாவின் பெயரைச் சொல்லாமல் இன்வாய்ஸ் என்று மட்டும் எழுதினால், அந்த வரிசையில் முதலில் அகப்படும் இன்வாய்ஸ் டேபிளையே போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதாக ஒன்று இருப்பதைப் பற்றி எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே ஒரே டெலீட் கட்டளை, ஓர் இணைப்பில் விற்பனைப் பதிவுகளையும் இன்னோர் இணைப்பில் கணக்குப் பதிவுகளையும் அழிக்கக்கூடும். சர்வர் இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் என்ற கருவியை டிரான்சாக்ஷன் முறையில் (ஒரு டிரான்சாக்ஷன் முடிந்ததும் இணைப்பு அடுத்தவருக்குப் போகும் முறை) இயக்குவோருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒருவர் செட் செய்த சர்ச் பாத், அதே சர்வர் இணைப்பை அடுத்துப் பெறுபவருக்கும் போய்ச் சேரலாம். பயன்பாட்டு நிரலில் எப்போதும் சேல்ஸ்.இன்வாய்ஸ் என்று முழுப்பெயரை எழுத வேண்டும் என நான் வலியுறுத்துவது இதனால்தான். எழுத்து சற்றுக் கூடினாலும், குவெரியைப் படிப்பவருக்கு ஐயம் எழாது.

(மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒன்றே, ஆரக்கிளில் ஸ்கீமா பயனரோடு பிணைந்தது. இங்கே சொன்னவற்றை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.)

புதிய தரவுத்தளத்தில் இயல்பாகவே இருக்கும் பப்ளிக் ஸ்கீமாவில் எவரும் டேபிளோ ஃபங்ஷனோ உருவாக்கலாம் என்ற பழைய இயல்புநிலை, பிறருடைய குவெரிகளுக்குள் தன் நிரலை நுழைக்க வழிவிடுகிறது என்பது 2018-இல் பாதுகாப்புக் குறைபாடாகவே பதிவு செய்யப்பட்டது. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு அந்த அனுமதியை நீக்கியது. ஆனால் அது புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களுக்கு மட்டுமே பொருந்தும். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்கள், பப்ளிக் ஸ்கீமாவின் 'கிரியேட்' அனுமதியைத் தாங்களே 'ரிவோக்' செய்ய (திரும்பப் பெற) வேண்டும்.