பெரியப்பாவின் முழங்கால்

மாரி தொடங்கிவிட்டது, எல்லாரும் வயலுக்குள் இறங்கிவிட்டார்கள், அதனால் இதை இப்பவே எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல். போன மாரியில் வரம்பு கட்டி முடித்த கிழமையே வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது, இரவானால் நடுங்கிக் காய்ச்சல். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். அது பிழை. பக்கத்து டிஸ்பென்சரியில் கொடுத்த அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் கேட்கவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன்; தெளிவாக வரவேண்டியது மஞ்சளாய்த் தடித்து, சிரிஞ்சுக்குள் ஏறவே கஷ்டப்பட்டது. அதில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பிய பிறகுதான் மெலியோயிடோசிஸ் என்ற வருத்தத்தின் பெயரே எங்கள் காதில் விழுந்தது.

சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற ஒரு பக்டீரியாவால் வருவது இது. 1911இல் பர்மாவின் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரண்டு டொக்டர்மார் கண்டுபிடித்தது, இலங்கையில் 1927இலேயே ஒருவருக்கு வந்திருக்கிறது. காலில் இருக்கிற சின்னக் கீறல் போதும் உள்ளே போக, மழைக்காற்றோடு மூச்சிலும் போகலாம். நல்ல சுகதேகிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சீனி, சிறுநீரக வருத்தம், தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தம் உள்ளவர்கள், நீண்டநாள் ஸ்டெரொயிட் எடுப்பவர்கள், குடி கூடியவர்கள், இவர்களைத்தான் பிடிக்கும். சிலருக்கு நெஞ்சில், சிலருக்கு ஈரலில் கட்டியாக, சிலருக்கு இப்படி மூட்டில். ஜென்டமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசிகூட இதற்குப் பொதுவாக வேலை செய்யாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் மருந்தை இரத்தநாளம் வழியாக ஏற்றவேண்டும், மூட்டென்றால் குறைந்தது 4 கிழமை. பெரியப்பாவுக்கு மூட்டைத் திறந்து கழுவவும் வேண்டியிருந்தது.

சீனி உள்ள ஒருவருக்கு ஒரு மூட்டு திடீரென்று வீங்கிக் காய்ச்சலும் வந்தால் தேய்க்காதீர்கள், அன்றைக்கே கொண்டுபோங்கள். வயல் வேலை, சீனி, இரண்டையும் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், ஏனென்றால் லாபில் இந்தக் கிருமியைச் சிலவேளை வேறொன்றாக எடுத்துவிடுகிறார்கள், சந்தேகம் இருப்பது தெரிந்தால் கவனித்துப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் 3 மாதம் கோட்ரைமொக்சசோல் குளிசை. வீக்கம் வற்றி நடக்கத் தொடங்கியதும் பெரியப்பா, "சுகம்தானே, இனி என்னத்துக்கு?" என்று நிறுத்தப் பார்த்தார். பாதியில் விட்டால் திரும்ப வரும் என்று கிளினிக்கில் சொன்னதைப் பெரியம்மா மறக்கவில்லை. காலையும் இரவும் குளிசைகளை எண்ணிக் கையில் வைத்து, அவர் விழுங்கும்வரைக்கும் தண்ணீர்ச் செம்போடு முன்னாலேயே நின்றார். இந்த மாரிக்கு வயலுக்குப் போகமுன் கம்பூட்ஸ் ஒரு சோடி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.