பழைய லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஆன்டிவைரஸ் ஒருவழியாகப் போனது

அந்த ஆன்டிவைரஸ் கடைசியில் போய்விட்டது. ஐகான் மட்டும் இல்லை; பின்னணியில் ஓடும் சர்வீஸ், விண்டோஸோடு சேர்ந்து இயங்கும் டிரைவர்கள், நெட்வொர்க் அடாப்டரில் வந்துபோவதைப் பார்க்க அது சொருகி வைத்திருந்த ஃபில்டர் எல்லாமே போயாச்சு. ஃபார்மேட் செய்யாமல் இதை முடித்ததில் எனக்கு நிஜமாகவே பெருமை.

மெஷின் எது என்றால், சித்தி மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த விலையில்லா மடிக்கணினி. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. இப்போது சித்தியின் தையல் கடையில் எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் ஏற்றுவது ஒன்றுதான் அதன் வேலை. அந்த டிசைன் மென்பொருளின் சிடி காணாமல் போய் வருடக்கணக்காகிறது, விற்ற கடையும் மூடியாகிவிட்டது. அதனால் “ஃபார்மேட் அடிச்சுடுங்க” என்ற வழக்கமான வைத்தியம் இங்கே செல்லாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டதால் இணையத்தையும் துண்டித்தாயிற்று. பென்டிரைவில்தான் டிசைன் வரும், போகும்.

முதல் வேலையாக குளோன்ஜில்லா என்ற இலவசக் கருவியில் முழு டிஸ்க்கையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், எடுத்தேன். ரீஸ்டோர் பாயின்ட்டும் போட்டேன்தான். ஆனால் இமேஜ் ஒன்று வெளியே பத்திரமாக இருந்தால்தான் விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தைரியமாகத் தொட முடியும்.

டூல்பார்கள், குயிக்டைம், ஃபிளாஷ் பிளேயர் எல்லாம் கன்ட்ரோல் பேனலிலேயே போய்விட்டன. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சிக்கல் எல்லாம் ஆன்டிவைரஸில்தான். லைசென்ஸ் முடிந்து வருடங்கள் ஆகிவிட்ட சரக்கு. அந்தப் பழைய பதிப்புக்கான நீக்கும் கருவியைத் தயாரித்தவர்களே தங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சாதாரணமாக அன்இன்ஸ்டால் கொடுத்தால் அதன் தற்காப்பு அம்சம் அட்மினிஸ்ட்ரேட்டரையே தடுக்கிறது. சரி, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போகலாம் என்றால் அங்கே அன்இன்ஸ்டாலுக்குத் தேவையான விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் ஓடாது. இதற்கு வழி உண்டு: ரெஜிஸ்ட்ரியில் சேஃப்பூட் சாவிக்குள் (சாவி என்பது அங்கே ஒரு ஃபோல்டர் மாதிரி) இருக்கும் மினிமல் என்பதன் கீழே எம்எஸ்ஐசர்வர் என்று ஒரு சாவி உருவாக்கி, அதன் டிஃபால்ட் மதிப்பாக சர்வீஸ் என்று எழுத வேண்டும். பிறகு அந்தச் சர்வீஸைக் கமாண்ட் பிராம்ப்டில் கிளப்பினால் சேஃப் மோடிலும் அன்இன்ஸ்டால் ஓடும். ஓடியது. பட்டியலிலிருந்து பெயரும் மறைந்தது.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் மெஷின் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஃப்எல்டிஎம்சி (fltmc) என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். கோப்புகளைத் திறக்கும்போது குறுக்கே நின்று பார்க்கும் கோப்பு ஃபில்டர்களை, அவை நிற்கும் வரிசையைக் காட்டும் ‘ஆல்டிட்யூட்’ எண்ணோடு அது பட்டியலிடும். ஆன்டிவைரஸ்களுக்கு ஒதுக்கிய எண்கள் 3,20,000இல் தொடங்குகின்றன. பட்டியலில் 32 என்று தொடங்கும் வரிசையில் நம்ம ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அதை எஸ்சி டெலிட் (sc delete) என்ற கட்டளை கொடுத்து நீக்கினேன். நெட்வொர்க் ஃபில்டரை அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் தேர்ந்தெடுத்து அன்இன்ஸ்டால் கொடுத்தாலே போதும்.

மிச்சம் இருந்ததுதான் ஆபத்தானது. அந்த மென்பொருளில் பென்டிரைவ், சிடி கட்டுப்பாடு என்று ஒரு வசதி உண்டு. அதற்காக ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற பதிவில் தன் டிரைவர் பெயரை எழுதி வைத்திருந்தது, அதுவும் இரண்டு இடங்களில். கன்ட்ரோல் சாவிக்குள் கிளாஸ் என்பதன் கீழே 4டி36இ965 என்று தொடங்குவது சிடி டிரைவுக்கு, 4டி36இ967 என்று தொடங்குவது ஹார்ட் டிஸ்க்குக்கு.

சிடி டிரைவ் காணாமல் போனால் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் மொத்தமாக அழி என்ற யோசனையை எல்லோரும் கேட்டிருப்போம். 965க்கு அது சரி. அதே கையோடு 967இலும் செய்தால் தொலைந்தது. அங்கே விண்டோஸுக்கே சொந்தமான பார்ட்எம்ஜிஆர் (partmgr) என்ற டிரைவரின் பெயரும் அதே பதிவில்தான் இருக்கிறது. அது போனால் மெஷின் எழுந்திருக்காது, 7பி என்ற பிழை எண்ணோடு நீலத்திரைதான் வரும். இந்த டிரைவர்கள் கிணற்றிலிருந்து வாளியைக் கை மாற்றிக் கொடுக்கும் வரிசை மாதிரி. பட்டியலில் பெயர் இருந்து ஆள் இல்லை என்றாலும் தண்ணீர் நின்றுவிடும். அதனால் டிரைவர் கோப்பை முதலில் அழிப்பதும் அதே நீலத்திரையில்தான் கொண்டுபோய் விடும்.

ஆக, வரிசை முக்கியம். முதலில் பதிவைத் திறந்து ஆன்டிவைரஸின் ஒரு வரியை மட்டும் எடுக்க வேண்டும், பார்ட்எம்ஜிஆர் வரியைத் தொடக் கூடாது. ரீஸ்டார்ட் செய்து மெஷின் நலமாக எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் சர்வீஸை நீக்குவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் கோப்பு. கோப்பையும் நான் உடனே அழிக்கவில்லை, பெயரை மாற்றி வைத்திருக்கிறேன். அந்த ரீஸ்டார்ட் எழாமல் போனால் எஃப்8 மெனுவில், கடைசியாகச் சரியாக எழுந்த அமைப்புக்குத் திரும்பும் ‘லாஸ்ட் நோன் குட்’ இருக்கிறது. இந்தப் பதிவுகளையும் அது பழையபடி கொண்டுவந்துவிடும். எனக்குத் தேவைப்படவில்லை. மெஷின் முதல் தடவையிலேயே எழுந்தது!

ஒரே பொத்தானில் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கிளீனர் எதையும் நான் தொடுவதில்லை. 967இல் எந்த வரி யாருடையது என்று ஒரு பொத்தானுக்குத் தெரியும் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் 5.33 பதிப்பிலேயே யாரோ தீம்பொருளைக் கலந்து அனுப்பியதும் நினைவில் இருக்கிறது.

அடுத்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி. ரேம் போடலாமே என்று கேட்பார்கள். இதில் இருப்பது விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் பதிப்பு, 2 ஜிபிக்கு மேல் அது எடுத்துக்கொள்ளாது. சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் 240 ஜிபியைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். குளோன்ஜில்லா இமேஜை மூல டிஸ்க்கைவிடச் சின்ன டிஸ்க்கில் நேராக இறக்க முடியாது, பார்ட்டிஷன்களைச் சுருக்கிவிட்டு மறுபடி இமேஜ் எடுக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு 480 ஜிபியே மேல்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் இங்க்ஸ்டிட்ச் என்ற இலவசக் கருவி எம்ப்ராய்டரி கோப்புகளை உருவாக்கும், லினக்ஸிலும் ஓடும். சித்தியின் டிசைன்களை அதில் திறந்து பார்க்க வேண்டும். அது சரியாக வந்தால் சிடி தொலைந்த மென்பொருளையே நம்பி இருக்க வேண்டாம்.

அதற்கு முன், விண்டோஸோடு தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியில் செய்யும் வேலை பாதியில் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்துவிட்டு, கோப்பு இல்லாமல் மஞ்சளாகத் தெரியும் வரிகளில் டிக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன், எதையும் அழிக்கவில்லை. ஷெட்யூல்டு டாஸ்க் பகுதி இன்னும் பாக்கி. கடை விடுமுறை நாளில்தான் சித்தி மெஷினைத் தருவார்.